நூறு வருஷத்து வீட்டை இடிப்பதா, மாற்றுவதா? (திருவல்லிக்கேணி வீடு ஒன்று)

கேணிவாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பார்த்தசாரதி கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் எங்க தாத்தா வீடு. ஒட்டு வீடு, ரெண்டு பக்கமும் பொதுச் சுவர். முன்னால் திண்ணை, அதுக்கப்புறம் ரேழி (வாசல் நடை), கூடம், முற்றம், சமையல்கட்டு, கொல்லையில் கிணறு. மெட்ராஸ் டெரஸ் தளம், அதாவது மரக்கட்டை மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய கால மாடித் தளம். வயசு நூறுக்கு மேல்.

இப்போ அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவில் இருக்கு. சித்தப்பா ஒரு பில்டரிடம் பேசிட்டார். இடிச்சுட்டு கீழே கார் நிறுத்தம், மேலே ஃப்ளாட், ஆளுக்கு ஒண்ணு. அப்பா ஒரே பிடியாக, "தாத்தா விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கட்டும்" என்கிறார்.

எனக்கு உறுத்துவது அந்த "மாதிரியே"தான். தாத்தா விட்ட மாதிரி இப்போ என்ன இருக்கு? திண்ணையில் பாதியை உடைச்சு பைக் ஏற சரிவு போட்டாச்சு. மீதிப் பாதிக்கு ஷட்டர் மாட்டி ஜெராக்ஸ் கடைக்கு விட்டிருக்கோம். முற்றத்துக்கு மேல் திருட்டு பயத்துக்குக் கம்பி, அதுக்கு மேல் மழைக்குப் பாலிகார்பனேட் ஷீட். ரேழி விளக்கு மாடத்தில் வைஃபை ரூட்டர் உட்கார்ந்திருக்கு. கிணறு வத்தினதும் மூடி வச்சிருந்தோம். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினப்போ மாடிக் குழாயை அதில் இறக்கி விட்டோம். மாடியில் இருக்கிற ரூமே தாத்தா கட்டினதுதான், பேச்சுலர்களுக்கு வாடகைக்கு விட. அதாவது தாத்தாவே அவர் அப்பா விட்ட மாதிரி வச்சுக்கல.

ரெண்டு கேள்வி. எதுவரைக்கும் மாத்தலாம்? அதைவிட அவசரமானது: கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் காரை பொரிஞ்சு விழுது. அஞ்சாறு வருஷம் முன்னாடி நல்ல கெட்டியா சிமெண்ட் பூசினோம், இப்போ அதுக்கு மேலே உதிருது. தளத்திலும் ஒரு மூலையில் ஈரம்.

நடைமுறைவாதி எழுதியது:

சித்தப்பா சொல்றதுதான் சரி. கோவிக்காதீங்க. பாரம்பரியம் பேசறவங்க யாரும் ராத்திரி ரெண்டு மணிக்கு மழையில முற்றத்தைத் தாண்டி பாத்ரூம் போறவங்க இல்ல. அப்பாவுக்கு முட்டி வலி வந்தா அந்த ஒடுக்கமான மாடிப்படி ஏறுவாரா? வாசப்படி ஒவ்வொண்ணும் ஒரு உயரம். சக்கர நாற்காலி வந்தா ரேழியிலேயே திரும்பாது.

மண்ணோட மதிப்பு கோடிக்கணக்குல. அது மேல உதிர்ற சுவர். ஃபோட்டோ எடுத்து வச்சுட்டு இடிங்க. கதவு, தூணுக்கு நல்ல விலை வரும்.

கட்டடப்பித்தன் எழுதியது:

கேணிவாசி, உங்க வீட்டிலிருந்து கிழக்கே கடற்கரைக்கு நடந்தால் உங்க முதல் கேள்விக்கு ஒரு பதில் நிற்குது. ஐஸ் ஹவுஸ்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து வித்தார் ஃபிரெடரிக் டூடர் என்கிற வியாபாரி. அந்தப் பனிக்கட்டியை உருகாமல் வைக்கக் கட்டினது அது, 1842-ல். வெயிலும் காத்தும் உள்ளே வரவே கூடாது என்பதுதான் அந்தக் கட்டடத்தின் முழு நோக்கமும். வட்ட வடிவம், தடிமனான சுவர், ஜன்னலுக்கு வேலையே இல்லை. அப்புறம் சென்னையிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பிச்சதும் வியாபாரம் படுத்துடுச்சு.

அதை வாங்கினார் பிலிகிரி ஐயங்கார் என்கிற வக்கீல். யோசிச்சுப் பாருங்க, மனுஷன் குடியிருக்கவே தோதுப்படாத ஒரு பெட்டி. அவர் சுவரை உடைச்சு ஜன்னல் வச்சார், வெளியே சுத்தித் தாழ்வாரம் எடுத்தார், வீடாக்கினார். அன்றைய நீதிபதி ஒருவர் பெயரில் "காஸில் கெர்னன்" என்று பேரும் வச்சார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் சிகாகோ பேரோடு திரும்பி வந்தப்போ தங்கினது அங்கேதான். அவர் அனுப்பி வச்ச ராமகிருஷ்ணானந்தர் மடத்தையும் அங்கேயே நடத்தினார். ஐயங்கார் காலத்துக்குப் பிறகு கட்டடம் ஏலத்துக்குப் போய், மடம் மயிலாப்பூருக்கு மாறியது.

கதை அதோட முடியல. அரசாங்கத்தின் கைக்கு வந்தது. சகோதரி சுப்புலட்சுமி, கணவனை இழந்த சின்னப் பெண்களைத் தங்க வச்சுப் படிக்க வச்சாரே, அந்த இல்லம் அங்கே நடந்தது. பிறகு ஆசிரியப் பயிற்சி விடுதி. 1963-ல் விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி "விவேகானந்தர் இல்லம்" என்று பேர் மாத்தினாங்க. 1997-ல் குத்தகைக்கு மடத்துக்கே திரும்பி வந்தது, இப்போ கண்காட்சி. போலீஸ் ஸ்டேஷனும் பஸ் ஸ்டாப்பும் மட்டும் இன்னும் ஐஸ் ஹவுஸ்தான்!

ஐயங்கார் ஜன்னல் வைக்க உடைச்சப்போ, "டூடர் கட்டின மாதிரியே இருக்கட்டும்" என்று யாராவது தடுத்திருந்தா இன்னிக்கு அங்கே ஒரு ஹோட்டல்தான் இருந்திருக்கும். அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்க.

மேஸ்திரி_மகன் எழுதியது:

கேணிவாசி தம்பி, ரெண்டாவது கேள்விக்கு நான் வரேன். அப்பா, தாத்தா ரெண்டு பேரும் கொத்து வேலை. நானும் கரண்டி பிடிச்சவன்தான், இப்போ காண்ட்ராக்ட்.

"நல்ல கெட்டியா சிமெண்ட் பூசினோம்"னு எழுதியிருக்கீங்க பாருங்க, வியாதியே அங்கதான். உங்க சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். கடல் கிட்ட. அடியிலேர்ந்து ஈரம் ஏறிக்கிட்டேதான் இருக்கும், அதை யாராலயும் முழுசா நிறுத்த முடியாது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளிய விட்டுடும். சிமெண்ட் விடாது. ஈரம் போக வழியில்லாம இன்னும் மேல ஏறும், எங்க சிமெண்ட் முடியுதோ அங்க வெளிய வரும். வரும்போது உப்பையும் கொண்டாந்து காரைக்குப் பின்னால விடும். உப்பு பூத்து உள்ளருந்து தள்ளும். காரை மட்டும் விழுந்தா பரவால்ல, செங்கல் முகத்தையும் பேத்துக்கிட்டு விழும். விரலால தேய்ச்சுப் பாருங்க, செங்கல் மாவாட்டம் வரும்.

செய்ய வேண்டியது: சிமெண்ட்டைப் பூரா கொத்தி எடுங்க. பிரேக்கர் மிஷின் வேண்டாம், அதிர்ச்சியில தளத்துக் கட்டை அசையும். சுத்தியல், உளி போதும். ஒரு வெயில் காலம் முழுக்க சுவரை அப்படியே மொட்டையா விடுங்க. அசிங்கமாத்தான் இருக்கும், சொந்தக்காரங்க கேப்பாங்க. காயட்டும். உப்பு வெளிய வர வர நார் பிரஷ்ஷால தட்டி விடுங்க, தண்ணி ஊத்திக் கழுவாதீங்க. அதுக்கப்புறம் சுண்ணாம்பு.

மூலையில ஈரம்னீங்களே, அதுதான் எனக்கு பயம். மெட்ராஸ் டெரஸ் எப்படின்னு தெரிஞ்சா நீங்களே பார்த்துக்குவீங்க. சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைங்க கிடக்கும், நெருக்கமா. அது மேல சின்னச் சின்ன செங்கல், நீளம் ஆறு அங்குலம், தடிமன் ஒரு அங்குலம்தான். அச்சுக்கல்லுன்னு சொல்வோம். அதைப் படுக்க வைக்காம நிறுத்தி, மூலைவாட்டா, சுண்ணாம்பு தொட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டே போவாங்க. அடியில பலகை முட்டு கிடையாது. பக்கத்துக் கல்லைப் பிடிச்சுக்கிட்டே நிக்கும். அது மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, வரிசையா உக்காந்து மரக்கட்டையால அடிப்பாங்க. கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணியத் தெளிச்சுத் தெளிச்சு, நாள் கணக்கா. அடிச்சா கட்டை எகிறணும், பதியக் கூடாது. அப்பதான் இறுகிடுச்சுன்னு அர்த்தம். அது மேல தட்டோடு. அந்த அடிக்கு என் பாட்டி போயிருக்காங்க. பாட்டு இல்லாம கை ஓடாதாம்.

இதுல கல்லு கெடாது, ஜல்லி கெடாது. கெடுறது கட்டையோட நுனி, சுவருக்குள்ள புதைஞ்சிருக்கிற பாகம். ஈரம் உள்ள மூலையில கட்டை நுனியை ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க. உள்ள போச்சுன்னா உடனே அடியில முட்டு கொடுத்துட்டு மறுவேலை.

நடைமுறைவாதி எழுதியது:

ஐஸ் ஹவுஸ் பிழைச்சதுக்குக் காரணம் மாற்றம் இல்ல சார், முதலாளி. அரசாங்கம் பின்னால இருந்தது. சாதா குடும்பத்துக்கு யார் பணம் கொடுப்பா?

எதிர் உதாரணம் தரேன். மவுண்ட் ரோடு பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். 1897-ல கட்டினது, சிவப்பா, கோபுரமும் மாடமுமா. 2006-ல இடிக்க ஆரம்பிச்சாங்க, வழக்குப் போட்டுத் தடுத்தாங்க. சந்தோஷம். அப்புறம்? பல வருஷம் மரம் முளைச்சுப் பூட்டிக் கிடந்தது. இடிக்கக் கூடாதுன்னு கோர்ட் சொல்லலாம், குடியிருங்கன்னு சொல்ல முடியாதே.

கட்டடப்பித்தன் எழுதியது:

இதில் உங்களோட முழுசா ஒத்துப்போறேன், நடைமுறைவாதி சார். காலியா விட்டால் செத்துடும். அதனாலதான் ஏதாவது ஒரு புழக்கம் இருக்கணும் என்கிறேன், கௌரவமானதோ இல்லையோ. தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையை எடுத்துக்கோங்க, 1620-ல் கட்டினது. 1845-ல் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினாங்க. அதுக்கப்புறம் ரொம்ப காலம் அது பயணியர் விடுதி. அதிகாரிகள் வருவாங்க, சாப்பிடுவாங்க, கடலைப் பார்த்துட்டுத் தூங்குவாங்க. கோட்டைக்கு இது இறக்கம்தான். ஆனா யாரோ ஒருத்தர் தினம் பெருக்கினாங்க, ஒழுகினா ஓட்டையை அடைச்சாங்க. பிறகு தொல்லியல் துறை எடுத்து அருங்காட்சியகம் ஆக்கறப்போ, ஆக்குறதுக்குக் கோட்டை இருந்தது.

மதுரைக்காரி எழுதியது:

எங்க திருமலை நாயக்கர் மகாலும் அப்படித்தான். 1636-ல் கட்டினதில் இன்னிக்கு நிக்கிறது கால்வாசிதான். பேரன் சொக்கநாதர் திருச்சிக்குத் தலைநகரை மாத்தினப்போ இங்கேர்ந்து பெயர்த்துக்கிட்டுப் போனார்னு எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நேப்பியர் கவர்னரா இருந்தப்போ பழுது பார்த்து, ரொம்ப வருஷம் ஜில்லா கோர்ட்டு நடந்தது அதுல. ராஜா ஆண்ட இடத்துல வாய்தா வாங்க ஆளுங்க. கோர்ட்டு மட்டும் வரலன்னா மிச்சக் கல்லும் யார் வீட்டு அஸ்திவாரத்துக்கோ போயிருக்கும்.

ஊர்சுற்றி எழுதியது:

பழசையே பேசறீங்களே, ஓமந்தூரார் தோட்டத்தை விட்டுட்டீங்க! சட்டமன்றம், தலைமைச் செயலகத்துக்குன்னு ஜெர்மன் கட்டடக் கலைஞர்களை வச்சு வடிவமைச்சு, 2010 மார்ச்சில திறந்து, 2014-ல பன்னோக்கு மருத்துவமனை ஆயிடுச்சு. நாலே வருஷத்துல ஜென்மமே மாறிடுச்சு.

நெறியாளர்:

யார் கட்டினார், யார் மாற்றினார் என்று இங்கே தொடங்க வேண்டாம். கட்டடத்தைப் பற்றி மட்டும்.

மேஸ்திரி_மகன் எழுதியது:

கட்டடத்தைப் பத்தியே சொல்றேன். ஆஸ்பத்திரிக்கு மாத்துறதுன்னா சுவர் மாத்துறது பெரிசில்ல. ஆக்ஸிஜன் லைன், ஒவ்வொரு வார்டுக்கும் கழிவுக் குழாய், கை கழுவ இடம், ஏசி காத்தை அறைக்கு அறை பிரிக்கிறது, ஸ்ட்ரெச்சர் நுழையற லிஃப்ட். இதெல்லாம் போக ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல இடம் வேணும். ஆஃபீஸ் கட்டடம்னா தூணுக்குத் தூண் இடைவெளி அகலம், உயரமும் இருக்கும், அதனால முடிஞ்சுது. அதே ஒரு அபார்ட்மெண்ட்டை ஆஸ்பத்திரி ஆக்கச் சொல்லுங்க பார்ப்போம், தலை முட்டும்.

கேணிவாசி தம்பியும் இதை யோசிக்கணும். உங்க கூடம் பன்னெண்டு அடி உயரம் இருக்கும். சித்தப்பா கேக்கிற ஃப்ளாட் ஒன்பதரை, பத்து. அந்தக் கூடம் நாளைக்கு கிளினிக் ஆகலாம், டியூஷன் சென்டர் ஆகலாம், மெஸ் ஆகலாம். அந்த ஃப்ளாட் ஃப்ளாட்டாத்தான் இருக்கும். அதுவும் பழசாகும், அப்போ ஆறு ஓனரு சேர்ந்து கையெழுத்துப் போடணும்.

காரைக்குடி_ஆச்சி எழுதியது:

கையெழுத்து என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கம் வந்து பாருங்கள். ஒரு வளவு வீட்டில் (நடு முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள வீடு) பத்துப் பதினைந்து புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, பங்கு. ஆளுக்கு ஒரு அறை, ஆளுக்கு ஒரு பூட்டு. முகப்பு பொது, வளவு பொது. ஓடு மாற்ற வேண்டுமென்றால் ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் பெங்களூரில், ஒருவருக்கு இன்னொருவருடன் பேச்சே இல்லை. பர்மா தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் போட்டுக் கட்டினார்கள், யார் ஒழுகலை அடைப்பது என்று எழுதி வைக்கவில்லை. சில வீடுகளை ஹோட்டலாக்கினார்கள், நன்றாகவே இருக்கிறது. பங்காளிகள் ஒத்துப்போனவர்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை. ஒத்துப்போகாதவர்கள் வீட்டுத் தூண் காரைக்குடி பழம்பொருள் கடையில் நிற்கிறது.

தம்பி, முதலில் சித்தப்பாவோடு உட்கார்ந்து பழுதுச் செலவை யார், எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். சுண்ணாம்பெல்லாம் அப்புறம்.

பினாங்குவாசி எழுதியது:

இங்கே மலேசியாவில், பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நடந்ததைச் சொல்கிறேன். எல்லாமே ஒட்டு வீடுகள், நம் ஊர் போலத்தான். கீழே கடை, மேலே குடித்தனம், அதனால் கடைவீடு என்போம். முன்னால் எல்லாக் கடைக்கும் பொதுவாக அஞ்சடி என்கிற கூரையுள்ள நடைபாதை, நடுவே வெளிச்சத்துக்குத் திறந்த முற்றம். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. வாடகை ஏறாது, அதனால் உரிமையாளர் பழுது பார்க்க மாட்டார், இடிக்கவும் மாட்டார். ஊர் முழுக்க அப்படியே தங்கிவிட்டது. 2000-ல் அந்தச் சட்டம் போனது. வாடகை எகிறியது, தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் கிளம்பினார்கள்.

காலி வீடுகளுக்குப் புது வாடகைதாரர் யார் தெரியுமா? பறவைகள்! சீனர்கள் சூப் வைக்கும் கூடு கட்டுமே, அந்த உழவாரன் இனம். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, உள்ளே இருட்டாக்கி, நீர் தெளித்து ஈரப்பதம் ஏற்றி, பறவைக் குரலை ஒலிபெருக்கியில் நாள் முழுக்க ஓடவிட்டார்கள். பணம் கொட்டியது. பக்கத்து வீட்டுக்காரருக்கோ பொதுச் சுவரில் ஈரம், பூஞ்சை, தூக்கமில்லை. 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் சேர்ந்தது. 2013 வாக்கில் பாரம்பரியப் பகுதியிலிருந்து பறவைப் பண்ணைகளை அகற்ற வைத்தார்கள். இப்போது கஃபேயும் சின்ன ஹோட்டலும். சுவர்கள் பிழைத்தன. முன்பு அங்கே குடியிருந்தவர்களைத்தான் காணோம்.

அதனால் "ஏதாவது ஒரு புழக்கம்" என்பதை நான் அப்படியே ஏற்க மாட்டேன், கட்டடப்பித்தன். சில புழக்கம் கட்டடத்தைத் தின்றுவிடும். சில புழக்கம் தெருவைத் தின்றுவிடும்.

கட்டடப்பித்தன் எழுதியது:

ஒப்புக்கறேன், அந்த வாக்கியத்துக்கு வரம்பு வேணும். நான் போடற வரம்பு இது: நாளைக்கு வேறொருத்தர் வந்து கழட்ட முடியணும். பாலிகார்பனேட் ஷீட்டை நாலு போல்ட் கழட்டினா எடுத்துடலாம். ஷட்டரும் அப்படியே. பொதுச் சுவரில் ஏத்தின ஈரத்தைக் கழட்ட முடியாது, சிமெண்ட் பூச்சைக் கழட்டினா செங்கல்லும் சேர்ந்து வரும்.

ஐயங்கார் ஜன்னல் உடைச்சது மட்டும் திரும்பப் பெறக்கூடியதான்னு யாராவது கேப்பீங்க. இல்லைதான். அதுக்கு அவரிடம் வலுவான காரணம் இருந்தது: மூச்சு விடணும். அந்த அளவு காரணம் இருந்தா சுவரிலேயே கை வைக்கலாம்.

நடைமுறைவாதி எழுதியது:

எங்க அம்மா முட்டி அந்த அளவு காரணம்தான் எனக்கு.

கட்டடப்பித்தன் எழுதியது:

கண்டிப்பா. வாசல் படியை உடைச்சு சரிவு போடறதுக்கு நான் குறுக்கே நிற்கவே மாட்டேன்.

கேணிவாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒரு ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியரைக் கூட்டிட்டு வந்தோம். சித்தப்பாவையும் வரச் சொன்னேன் (ஆச்சி பேச்சைக் கேட்டு). மூலையில் ரெண்டு கட்டை நுனி போயிருக்கு, ஸ்க்ரூ டிரைவர் வெண்ணெயில் இறங்கற மாதிரி இறங்கிச்சு. மீதி எல்லாம் கெட்டி.

அவர் இன்னொண்ணு சொன்னார், பில்டர் சொல்லாதது. இடது பக்கப் பொதுச் சுவரில் எங்க கட்டை இந்தப் பக்கமும், பக்கத்து வீட்டுக் கட்டை அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கு. எங்களுது இடிஞ்சா அவங்க சுவருக்கு ஒரு பக்கத்துப் பிடிப்பு போயிடும், அதை ஒட்டிப் புது அஸ்திவாரத்துக்கு ஆழமாத் தோண்டினா இன்னும் மோசம். அவங்க சம்மதமும் பாதுகாப்பும் இல்லாம தொடக்கூடாதுன்னார். சித்தப்பா முகம் கொஞ்சம் மாறிச்சு. விடல, ஆனா "பழுது பார்க்க எவ்வளவு ஆகும், எழுதிக் கொடு" என்று கேட்டிருக்கார்.

மூணு கேள்வி மேஸ்திரி அண்ணனுக்கு. சித்தப்பாவுக்கு மாடியில் பாத்ரூம் வேணும், வைக்கலாமா? அந்த ரெண்டு கட்டைக்கு என்ன செய்யறது? செலவைக் காட்டினதும் அப்பா, ஜெராக்ஸ் கடையைக் காலி பண்ணிட்டுத் திண்ணையைப் பழையபடி கட்டலாம்னு ஆரம்பிச்சுட்டார். செய்யலாமா?

மேஸ்திரி_மகன் எழுதியது:

மெட்ராஸ் டெரஸ் மேல பாத்ரூம் வேண்டவே வேண்டாம். எவன் வாட்டர்ப்ரூஃப் பண்ணித் தரேன்னாலும் நம்பாதீங்க. இன்னிக்கு ஒழுகாது, பத்து வருஷத்துல ஒழுகும், ஒழுகுறது கட்டை நுனியைத்தான் தேடிப் போகும். கொல்லைப்பக்கம் கிணத்தை விட்டுத் தள்ளி தனி அஸ்திவாரம் போட்டு, கீழ ஒண்ணு மேல ஒண்ணு பாத்ரூம் எழுப்புங்க. பழைய சுவர்ல ஒட்டாம நடுவுல ரெண்டு அங்குலம் சந்து விட்டு, மேல தகடு மூடி போட்டுடுங்க. குழாய் எல்லாம் வெளிச்சுவர்லயே ஓடட்டும், கண்ணுக்குத் தெரியணும். நூறு வருஷச் சுவருக்குள்ள இருபது வருஷக் குழாயைப் புதைச்சா, ஒவ்வொரு இருபது வருஷமும் சுவரை உடைக்கணும். கீழ இருக்கறதை அம்மா அப்பாவுக்கு வெச்சுக்கங்க, கைப்பிடியோட. நடைமுறைவாதி சார் சொன்னது நியாயம்.

கட்டைக்கு: முழுசா எடுக்க வேண்டாம். கெட்ட நுனியை நல்ல மரம் வர்ற இடம் வரைக்கும் அறுத்துட்டு, ரெண்டு பக்கமும் இரும்புப் பட்டை வச்சு போல்ட் போட்டு நீட்டலாம். இல்லன்னா சுவர் ஓரமா அடியில ஒரு இரும்பு கர்டர் கொடுத்து அதுல தாங்க விடலாம். எது தோதுன்னு இஞ்சினியர் சொல்லட்டும். புதுசா சுவருக்குள்ள போற நுனியைச் சுத்திக் காத்தாட இடம் விடுங்க, காரை வச்சு அடைக்காதீங்க. கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைச்சா நல்லது. சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஆளுங்க காரைக்குடிப் பக்கம் இருக்காங்க, தங்க இடம் கொடுத்தா வருவாங்க.

ஜெராக்ஸ் கடையைக் காலி பண்ணாதீங்க. மாசா மாசம் வர்ற அந்த வாடகையைத் தனி கணக்குல போட்டு, அப்பா, சித்தப்பா ரெண்டு பேரு பேர்லயும் வைங்க. வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி தட்டோடு சந்து பார்க்கிறதுக்கும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறதுக்கும் அது போதும். ஷட்டருக்கு மேல ஒரு சன்ஷேட் மட்டும் போடச் சொல்லுங்க, அந்தப் பக்கச் சாரல் திண்ணைச் சுவர்லதான் அடிக்குது.